ஜெனரேட்டர் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை: கொயில் கட்டக் கொடுக்கும் முன் செய்யவேண்டியவை

எங்கள் மீன் வாடி வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சின்னக் குளிர் அறை, மூன்று பிரீசர், ஐஸ் உடைக்கிற மோட்டர் ஒன்று. கரண்ட் போனால் இவற்றை இழுக்க 20 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். போன வாடைக்காலம் தொடங்கின கையோடு ஒருநாள் இரவு இஞ்சின் நன்றாகவே ஓடியது, கரண்ட் மட்டும் வரவில்லை. கூப்பிட்ட பாஸ், அதாவது கரண்ட் வேலைக்காரர், வந்து ஏவிஆரை (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரோனிக் பலகையை) மாற்றினார், அது எரிந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் எரிந்தது. “இஞ்சின் கிறுகுது, கரண்ட் இல்ல. கொயில் போயிட்டு மனே, கட்டத்தான் வேணும்” என்றார். அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றை அறுத்தெடுத்துப் புதிதாகச் சுற்றவேண்டும். நானும் சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடும்வரை நான்கு மாதம் ஆனது. கணக்குக் கொப்பியில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ஏவிஆர் இரண்டு 15,000 ரூபாய், முதல்முறை கொயில் கட்டியது 92,000, ஏழு வாரத்தில் அது எரிந்ததால் வேறு இடத்தில் திரும்பக் கட்டியது 165,000, லொறிக்கூலியும் ஏற்றி இறக்கியதும் 24,000. மொத்தம் 296,000. கரைந்த ஐஸும் கெட்டுப்போன மீனும் இதில் சேரவில்லை.

இரண்டாவது கடைக்காரர்தான் முதல் கடையின் பில்லை வாங்கி ஊன்றிப் பார்த்தார். கடைசி வரியில், வண்டியில் போகும்போது எழுதியது போன்ற கோணல் எழுத்தில், ‘டயோட் 1 – 850’ என்று இருந்தது. டயோட் என்பது கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு. “உங்கட பழுது இதுதானோ தெரியாது அண்ணன். ஒரு டயோட் சோட்டானால் ஏவிஆர் இப்படித்தான் எரியும். கொயிலை அறுக்க முன்னம் மெகர் பிடிச்சுப் பார்த்தவங்களா?” என்று கேட்டார். மெகர் என்பது கொயிலிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி. அதை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. பழைய கொயில் உண்மையிலேயே கெட்டிருந்ததா இல்லையா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அளக்காமலே அறுத்து, செம்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியாகிவிட்டது.

மட்டக்களப்பு, கல்முனை, ஒலுவில், திருக்கோவில், பொத்துவில் என்று கடலோரத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இந்த அலைச்சல் வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் சொல்வது பெரும்பாலும் பிரஷ் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்க உரசும் காபன் துண்டு) இல்லாத மூன்று பேஸ் ஜெனரேட்டருக்குப் பொருந்தும். வீட்டுப் பெற்றோல் ஜெனரேட்டரைப் பற்றி மூன்றாம் படியின் முடிவில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

1. நிறுத்துங்கள், கழற்றுங்கள், படம் எடுங்கள்

கரண்ட் வரவில்லை என்றதும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். உள்ளே சோட் இருந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக எரியும். மெயின் பிரேக்கரை இறக்குங்கள். சேஞ்ச்ஓவர் சுவிட்சை மின்சார சபைப் பக்கம் திருப்புங்கள். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். யாராவது தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் கைக்குள் 400 வோல்ட் வரும்.

அப்புறம் டெர்மினல் பெட்டியின் மூடியைத் திறந்து, எதையும் தொடுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். எந்த வயர் எந்தப் போல்ட்டில், ஏவிஆரில் எந்தப் பின்னில் எந்த நிறம் என்று தெளிவாகத் தெரியவேண்டும். பத்துப் படமாவது எடுங்கள். வயரைக் கழற்றியபின் “முன்பு எப்படி இருந்தது?” என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

நான் திறந்தபோது வயர் நுனிகளிலுள்ள செம்பு லக்குகளைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கொயிலின் முனைகளில் வெள்ளையாக ஒரு பூச்சு. விரலால் தொட்டேன், பிசுபிசு என்று ஒட்டியது. கடலோரத்து உப்பு இப்படித்தான் வந்து உட்காரும். காய்ந்த நாளில் பேசாமல் கிடக்கும். மழைக்காலம் வந்ததும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, கரண்ட் கசியும் படலமாக மாறிவிடும். இதைப் படத்தில் பிடித்து வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

2. பத்திரங்களை ஒரு பைக்குள் சேருங்கள்

பழுது பார்க்கப் போகிறவரிடம் போனிலேயே சொல்லவேண்டியவை:

- ஜெனரேட்டர் தலையில் இருக்கும் தகட்டின் படம். இஞ்சின் தகடு வேறு, ஆல்டர்னேட்டர் (கரண்ட் தரும் பகுதி) தகடு வேறு, இரண்டும் தேவை. மொடல், தொடர் இலக்கம், கேவிஏ, வோல்ட், அம்பியர், காவலி (கம்பியிலிருந்து கரண்ட் கசியாமல் காக்கும் உறை) வகுப்பு எல்லாம் அதில் இருக்கும். உப்பு பிடித்து வாசிக்க முடியாவிட்டால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள், சுரண்டாதீர்கள்.
- வாங்கிய பில்லும் வொரண்டி அட்டையும். வொரண்டி இருக்கும்போது வெளியார் கைவைத்தால் பெரும்பாலும் அது செல்லாமல் போகும். ஆகவே எந்த பாஸையும் கூப்பிடுவதற்கு முன் அட்டையிலுள்ள திகதியைப் பாருங்கள்.
- ஓடிய மணித்தியாலம். மீற்றர் இருந்தால் அதன் படம்.
- பழுதான நாள், நேரம், அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, மழையா, புகை அல்லது மணம் வந்ததா என்ற சிறு குறிப்பு.

காப்புறுதி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். சாதாரணத் தீக் காப்புறுதியில் இயந்திரத்துக்கு உள்ளே வரும் மின்கோளாறு பெரும்பாலும் சேராது. இயந்திரப் பழுதுக்கென்று தனியாக எடுத்திருக்கவேண்டும். எடுத்திருந்தால், எத்தனை நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பதற்கு முன் கழற்றி லொறியில் ஏற்றிவிட்டால் கோரிக்கை சிக்கலாகும். வெள்ளத்தில் மூழ்கியதென்றால் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

3. எந்த உறுப்பு பழுது என்று பிரித்துப் பாருங்கள்

என் பணமும் நான்கு மாதமும் போனது இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரண்ட் வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்களுக்கே தெரிந்தாலும் தனியாகச் செய்யவேண்டாம்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். தண்டின் நுனியில் எக்சைட்டர் என்று ஒரு குட்டி ஜெனரேட்டர் இருக்கிறது. அது தரும் மின்சாரத்தை, தண்டோடு சேர்ந்து சுற்றும் ஆறு டயோட்கள் ஒருதிசை மின்னாக்கி ரோட்டருக்குக் கொடுக்கும். ரோட்டர் காந்தமாகும். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் பெரிய கொயிலில், அதாவது ஸ்டேட்டரில், நமக்கு வேண்டிய 400 வோல்ட் பிறக்கும். எக்சைட்டருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கட்டுப்படுத்துவது ஏவிஆர் என்ற எலக்ட்ரோனிக் பலகை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கரண்ட் இல்லை. ‘கரண்ட் இல்லை, ஆகவே கொயில் போய்விட்டது’ என்ற முடிவை ஏற்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் வேகத்தைப் பாருங்கள். அதற்கு, கழற்றிய பற்றரி வயரைத் திரும்பப் பூட்டி இஞ்சினை ஓடவிடவேண்டும். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஜெனரேட்டர் 50 ஹேர்ட்ஸ் தரவேண்டும். லோட் இல்லாமல் ஒன்றிரண்டு கூடுதலாக இருப்பது வழக்கம். டீசல் பில்டர் அடைத்து வேகம் இறங்கினால் ஏவிஆர் தன்பாட்டில் வோல்ட்டையும் இறக்கிவிடும். பில்டர் மாற்றவேண்டிய இடத்தில் கொயிலைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வேகம் சரியென்றால், மெயின் பிரேக்கர் இறங்கியபடியே மூன்று பேஸுக்கும் இடையில் வோல்ட் அளந்து எழுதுங்கள். 400க்கு மிகவும் மேலே எகிறினால் உடனே நிறுத்துங்கள், ஏவிஆர் கட்டுப்பாடு இழந்திருக்கிறது. பூச்சியத்துக்கு அருகில் சில வோல்ட்தான் வருகிறதென்றால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

அது 12 வோல்ட் பற்றரிச் சோதனை. இஞ்சினை நிறுத்தி, ஏவிஆரிலிருந்து எக்சைட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். சிலதில் எஃப் 1, எஃப் 2 என்றும், சிலதில் எக்ஸ், இரட்டை எக்ஸ் என்றும் அடையாளம் இருக்கும். ஏவிஆரின் மற்ற வயர்களையும் கழற்றி, தனித்தனியே டேப் சுற்றுங்கள். ஒரு பியூஸ் வைத்து, 12 வோல்ட் பற்றரியை அந்த இரண்டு வயரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுங்கள். இப்போது இஞ்சினைச் சரியான வேகத்தில் ஓடவிட்டு, மூன்று பேஸையும் திரும்ப அளந்து பாருங்கள்.

மூன்றும் சமமாக, 400க்குக் கிட்ட வந்தால் கொயில், ரோட்டர், டயோட் எல்லாம் வேலை செய்கின்றன. பழுது ஏவிஆரில், அல்லது அதற்கு வரும் வயரில், அல்லது பியூஸில். சில ஜெனரேட்டர்கள் பல மாதம் ஓடாமல் கிடந்து, உள்ளே மிஞ்சியிருக்கும் காந்தத்தை இழந்துவிடும். அப்படியானவை இந்தச் சோதனைக்குப் பிறகு ஏவிஆரைப் பழையபடி பூட்டியதும் தாமாகவே ஓடத் தொடங்கும். அப்படி ஓடினால் உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை.

மூன்றும் சமமாக, ஆனால் மிகக் குறைவாக வந்தால் டயோட், எக்சைட்டர், ரோட்டர் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வந்தால், அல்லது ஜெனரேட்டர் உறுமிச் சூடானால், உடனே நிறுத்துங்கள். ஸ்டேட்டரைச் சந்தேகிக்க இப்போதுதான் காரணம் இருக்கிறது.

டயோட் பார்ப்பது சாதாரண மல்டிமீற்றரில் முடியும். ஒவ்வொரு டயோடின் வயரையும் கழற்றி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அரை வோல்ட் அளவு காட்டவேண்டும். இரண்டு பக்கமும் காட்டினால் சோட், இரண்டு பக்கமும் காட்டாவிட்டால் திறந்துவிட்டது. ஒன்று போயிருந்தாலும் ஆறையும் மாற்றுங்கள். மூன்று ஒரு திசை, மூன்று மறுதிசை, பார்த்து வாங்கவேண்டும். பக்கத்திலிருக்கும் வாரிஸ்டரையும் (வோல்ட் எகிறும்போது டயோடைக் காக்கும் உறுப்பு) மறக்கவேண்டாம்.

இதிலுள்ள பொறி என்னவென்றால், சோட்டான டயோடை வைத்துக்கொண்டு புது ஏவிஆர் பூட்டினால் எக்சைட்டர் அளவுக்கு மேல் இழுக்கும், ஏவிஆர் எரியும். எனக்கு இரண்டு தடவை 7,500 ரூபாய் இப்படித்தான் போயிருக்கவேண்டும். ஏவிஆர் ஒருமுறை எரிந்தால், டயோட் பார்க்காமல் இரண்டாவதை வாங்காதீர்கள்.

வீட்டுப் பெற்றோல் ஜெனரேட்டர் என்றால் கதை சுருக்கம். பலவற்றில் ஏவிஆருக்குப் பதில் ஒரு கப்பாசிட்டர்தான் வோல்ட்டைக் கொடுக்கும், அல்லது காபன் பிரஷ் இருக்கும். கப்பாசிட்டர் தளர்ந்தாலோ பிரஷ் தேய்ந்தாலோ கரண்ட் வராது. இரண்டும் சின்னச் செலவு. முதலில் அவற்றை மாற்றிப் பாருங்கள்.

4. மெகர் பிடித்து, எண்ணை எழுதி வாங்குங்கள்

கொயிலுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள காவலி எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று அளக்கும் கருவிதான் மெகர். நம்முடைய 400 வோல்ட் ஜெனரேட்டருக்கு 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் பிடித்தால் போதும். அதற்கு முன் ஏவிஆர் முழுதாகக் கழன்றிருக்கவேண்டும், நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் துண்டு கழன்றிருக்கவேண்டும், லோட் கேபிள்கள் கழன்றிருக்கவேண்டும். ரோட்டரை அளப்பதென்றால் டயோட்களைச் சோட் பண்ணிவிட்டு அளக்கவேண்டும். இதை மறந்து மெகர் பிடித்து நல்ல டயோடையும் ஏவிஆரையும் கொன்றவர்கள் உண்டு.

இவ்வகைக் கொயிலுக்கு 40 பாகை வெப்பத்தில் குறைந்தது 5 மெகா ஓம் இருக்கவேண்டும் என்பது உலகமெங்கும் பின்பற்றும் அளவு. நல்ல கொயில் நூற்றுக்கணக்கில் காட்டும். கொயில் 10 பாகை சூடானால் எண் ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே எண்ணோடு வெப்பநிலையும் நேரமும் எழுதப்படவேண்டும். எங்களூரில் மார்கழி விடியற்காலையில் அளந்த எண்ணும் வெயில் ஏறி அளந்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

மெகர் குறைவாகக் காட்டினால் அதற்காகக் கொயில் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உப்பும் ஈரமும் சேர்ந்தாலும் இதே எண்தான் வரும். அதேபோல் மெகர் நன்றாகக் காட்டினாலும் கொயில் நல்லதென்று உறுதியில்லை. ஒரே கொயிலுக்குள் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டால் மெகருக்குத் தெரியாது. அதற்கு மூன்று பேஸின் தடையையும் மில்லி ஓம் மீற்றரில் அளந்து ஒப்பிடவேண்டும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். சாதாரண மல்டிமீற்றரில் இந்த வித்தியாசம் பிடிபடாது.

என் அக்காவின் மகன் வெளிநாட்டில் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். இரண்டாம் முறை எரிந்த அன்று போனில் புலம்பினேன். அவன் ஆறுதல் சொல்வதற்கு முன் கேட்டது, “மாமா, மெகர் ரீடிங் எவ்வளவு?” என்றுதான். அங்கே ஆட்களை ஏற்றிப்போகும் சாதாரணப் படகு, அலை ஒன்றரை மீற்றரைத் தாண்டினால் காற்றாலையோடு அணைய முடியாதாம். நம்முடைய வாடைக்காலம் போல நாட்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஆகவே கரையில் இருந்தபடியே வெப்பம், அதிர்வு, பேஸ்களின் சமநிலை எல்லாம் எண்ணாகப் பார்த்து, எந்த உறுப்பு என்று ஓரளவு தீர்மானித்த பிறகுதான் சாமானோடு போவார்களாம். அந்த ஜெனரேட்டர்களுக்கும் உப்பும் ஈரமும் எதிரிதான். ஸ்லிப் ரிங் (தண்டோடு சுற்றி, காபன் பிரஷ் உரசும் வளையம்) உள்ள வகையில் காபன் தூள் கொயிலில் படிந்து காவலியை இறக்கும். கரண்டின் ஹேர்ட்ஸை மாற்றும் கன்வேர்ட்டர் என்ற கருவியால் தண்டில் பிறக்கும் மின்னோட்டம் பேரிங்கை அரித்து வரிவரியாக்கும். அதைத் தடுக்கத் தண்டுக்கே தனியாக ஒரு எர்த் பிரஷ் வைப்பார்களாம். அவ்வளவு பெரிய இயந்திரத்தையே அளந்துதான் தொடுகிறார்கள் என்று கேட்டபோதுதான், நான் அளக்காமல் அறுத்தது எனக்கு உறைத்தது.

மெகர் உள்ள ஒருவரை வாடிக்கே கூப்பிட எனக்கு 4,000 ரூபாய் ஆனது. முதல் நாளே கூப்பிட்டிருக்கவேண்டும். எண், வெப்பநிலை, நேரம், அளந்தவர் கையொப்பம் நான்கும் ஒரு தாளில் வாங்குங்கள்.

5. உப்பென்றால் கழுவுங்கள், ஈரமென்றால் காயவையுங்கள்

எண் குறைவாக இருந்து, எரிந்த மணமும் கறுப்பும் இல்லாவிட்டால் கொயில் கட்டும் பேச்சை எடுக்காதீர்கள். உப்புப் படிந்திருந்தால் சும்மா காயவைத்துப் பயனில்லை. உப்பு உள்ளேயே இருக்கும், அடுத்த மழைக்குத் திரும்ப உறிஞ்சும். ஏவிஆரையும் டயோட்களையும் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாக, பலமுறை கழுவவேண்டும். எங்கள் பக்கம் பல கிணறுகளில் உவர் கலந்திருக்கும். அந்தத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள். பெரிய பிரஷர் கொண்டு அடித்தால் வார்னிஷ் உரியும்.

காயவைப்பதற்குச் சூட்டுக் காற்று அல்லது சூளை. கொயிலின் வெப்பம் 80 பாகையைத் தாண்டாமல் பாருங்கள். அவசரப்பட்டுச் சூடாக்கினால் உள்ளே ஆவி கட்டிக் காவலி வெடிக்கும். ஜெனரேட்டரை ஓடவிட்டு அதன் கரண்டிலேயே காயவைப்பது கூடவே கூடாது.

சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெகர் பிடித்து எழுதுங்கள். முதலில் எண் இன்னும் இறங்கும், பயப்படாதீர்கள், உள்ளிருக்கும் ஈரம் வெளியே நகர்கிறது. பிறகு ஏறத் தொடங்கி, ஓர் இடத்தில் ஏறாமல் நிற்கும். அப்போதுதான் காய்ந்தது. இரண்டு மூன்று நாள் ஆகலாம். மழைக்காலத்தில் கூடுதலாகவும் ஆகும். காய்ந்தபின் ஒருமுறை வார்னிஷ் கொடுத்துச் சுடவைத்தால் நல்லது.

6. கொயில் கட்டத்தான் வேண்டுமென்றால், எழுத்தில் விலை வாங்குங்கள்

இஞ்சின் இல்லாமல் ஆல்டர்னேட்டர் தலையை மட்டும் வாங்க என்ன விலை என்று கொழும்பில் விசாரியுங்கள். கொயில் கட்டும் விலை அதன் பாதியைத் தாண்டினால் புதிதை யோசிக்கலாம் என்பது என் எண்ணம். இஞ்சினோடு பொருந்தும் தட்டின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கட்டுவதென்றால் குறைந்தது இரண்டு கடையில் விலை கேளுங்கள், வாயால் சொல்வதை ஏற்கவேண்டாம். தாளில் இருக்கவேண்டியவை: செம்புக் கம்பி என்ற சொல், கம்பியின் கேஜ் (தடிப்பு), ஒவ்வொரு கொயிலிலும் எத்தனை சுற்று, எந்தச் சிலொட்டிலிருந்து (கம்பி உட்காரும் பள்ளம்) எந்தச் சிலொட்டுக்கு, காவலி வகுப்பு, வார்னிஷ் முறை, பேரிங் உண்டா இல்லையா, எத்தனை மாத உத்தரவாதம். தகட்டில் எச் வகுப்பு என்றிருந்தால் எச் வகுப்புத்தான் கட்டவேண்டும். அது 180 பாகை வரை தாங்கும். அதற்குக் கீழான கம்பியும் தாளும் போட்டால் விலை குறையும், ஆயுளும் குறையும்.

மூன்று விஷயத்தை நேரில் கேளுங்கள்.

பழைய கொயிலை எப்படி எடுக்கப் போகிறீர்கள்? நெருப்பில் போட்டு எரித்து இழுப்பதுதான் லேசான வழி. ஆனால் ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளுக்கு இடையே மெல்லிய காவலி இருக்கிறது, நெருப்பில் அது போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல கொயில் கட்டினாலும் இரும்பே சூடாகிக்கொண்டிருக்கும். முதல் கடையின் பின்புறத்தில் என் ஸ்டேட்டர் தென்னோலை நெருப்பில் கிடந்ததை நானே கண்டேன். அதன் அர்த்தம் அன்று எனக்குத் தெரியவில்லை. கட்டுப்படுத்திய சூளை உள்ள கடையைத் தேடுங்கள்.

வார்னிஷை முக்கிச் சுடுவீர்களா, பிரஷால் பூசுவீர்களா? பிரஷால் பூசினால் மேலே மினுங்கும், உள்ளே வெறுங்கம்பி. உப்புக்காற்றுக்கு அது நிற்காது. எனக்கு ஏழு வாரம் நின்றது.

பழைய செம்பு யாருக்கு? 20 கேவிஏ ஸ்டேட்டரில் கிலோக்கணக்கில் செம்பு இருக்கிறது. பேசாமல் விட்டால் கடைக்குப் போய்விடும். உங்களுக்குத் தரவேண்டும், அல்லது விலையில் கழிக்கவேண்டும் என்று முன்பே பேசுங்கள்.

பழையதைப் பிரித்தல், கட்டுதல், வார்னிஷ், சூளை எல்லாம் சேர்ந்து ஒரு வாரமாவது ஆகும். இரண்டு நாளில் தருகிறேன் என்றால் சூளை வைக்கப்போவதில்லை என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் கடைகளில் மோட்டர்கள் குவிந்து கிடக்கும், இரண்டு மூன்று வாரம் சொல்வார்கள். அதுவரைக்கும் வாடகை ஜெனரேட்டர் தேவைப்படும், அந்தச் செலவையும் கணக்கில் போடுங்கள். முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

7. லொறியில் ஏற்றும் முன்னும், பூட்டிய பின்னும்

கடையிலேயே உங்கள் கண்முன் மெகரும் மூன்று பேஸ் தடையும் அளக்கச் சொல்லி, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். புதுக் கொயில் ஒற்றை இலக்கத்தில் காட்டினால் எடுக்கவேண்டாம். இஞ்சின் இல்லாததால் கடையில் லோட் சோதனை செய்ய முடியாது. ஆகவே காற்பங்குப் பணத்தை, உங்கள் இடத்தில் லோட் ஏற்றிப் பார்த்த பிறகு தருவதாகப் பேசுங்கள். இரண்டாவது கடைக்காரர் இதற்கு ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

பூட்டியபின் அரைமணி நேரம் லோட் இல்லாமல் ஓடவிட்டு வோல்ட், ஹேர்ட்ஸ், சூடு பாருங்கள். பிறகு பிரீசர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மோட்டர் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஓடும் கரண்டைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் புதுக் கொயிலும் திணறும். மூன்று பேஸிலும் லோட் ஓரளவு சமமாகப் பிரிந்திருக்கிறதா என்று கிளாம்ப் மீற்றரால் பாருங்கள். எங்கள் வாடியில் மூன்று பிரீசரும் ஒரே பேஸில் இருந்தன! வயரிங் செய்தவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

8. சேஞ்ச்ஓவரும் எர்த்தும்

ஜெனரேட்டர் கரண்ட் மின்சார சபை லைனுக்குத் திரும்பிப் போகக்கூடாது. லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் மனிதன் அதில் உயிரை விடுவான். பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு முனைச் சேஞ்ச்ஓவர் பூட்டுங்கள்.

எர்த் கம்பியை மணலில் அரைகுறையாக அடித்துவிட்டுப் போவார்கள். கோடையில் மேல்மணல் காய்ந்தால் அது எர்த்தே இல்லை. ஈரம் இருக்கும் ஆழம்வரை அடித்து, எர்த் மீற்றரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச் ஜெனரேட்டரில் ஓடும்போதும் விழுகிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கதவு மூடிய அறைக்குள் ஓடவிடாதீர்கள். புகையில் மணமே இல்லாத விஷவாயு இருக்கிறது.

9. அடுத்த வாடைக்கு முன்

ஆவணி, புரட்டாதியில் ஒருமுறை மெகர் பிடித்து, போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எண் வருடா வருடம் இறங்கினால், எரிவதற்கு முன்பே கழுவிக் காயவைக்க நேரம் கிடைக்கும். கடைகளிலும் அப்போது கூட்டம் இருக்காது.

வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிடுங்கள், வெறுமனே ஓடவிடாமல் மூன்றில் ஒரு பங்கு லோட்டாவது கொடுங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்துக் கொட்டும். கூரை போட்டு, கடல் பக்கம் மட்டும் மறையுங்கள். காற்று இழுக்கும் வாய் கடலைப் பார்க்கவேண்டாம். போன வெள்ளம் நின்ற கோட்டுக்கு ஒரு முழம் மேலே சீமெந்து மேடை கட்டுங்கள்.

செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஹீட்டர். ஜெனரேட்டர் நிற்கும்போது கொயிலைச் சுற்றியுள்ள காற்றை இளஞ்சூடாக வைத்திருக்கும் சின்ன ஹீட்டர் அது. கடல் காற்றாலைகளிலும் ஜெனரேட்டருக்குள் இதைத்தான் வைக்கிறார்களாம். பல ஆல்டர்னேட்டர்களில் அதற்கான இடமும் வயரும் ஏற்கெனவே இருக்கும், தகட்டைக் காட்டி கேட்டு வாங்கலாம். எனக்குப் பூட்டுக்கூலியோடு 11,000 ரூபாய் ஆனது. மின்சார சபைக் கரண்டில் ஓடி, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆனதும் தானாக நிற்கும்படி வயர் பண்ணவேண்டும். காலையில் வாடி திறந்ததும் டெர்மினல் பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது. குளிர்ந்திருந்தால் முதலில் ஹீட்டரின் பியூஸைப் பாருங்கள்.